ஒரு கணு என்ன விலை?

கூரியரில் வருகிறது மழைக்காடு. கூடவே ஒட்டிக்கொண்டு வருவது என்னென்ன?

மே மாதத்து மத்தியானம். எங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் அறையில், தண்ணீர் கேனுக்கும் பால் பாக்கெட் கூடைக்கும் நடுவில் ஓர் அட்டைப்பெட்டி. நாலு பக்கமும் ஆணியால் குத்திய ஓட்டைகள். ‘உயிருள்ள செடி, இந்தப் பக்கம் மேலே’ என்று மார்க்கர் பேனாவில் எழுதி, பெரிதாக அம்புக்குறி வேறு போட்டிருந்தார்கள். அம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கேரளத்தில் சனிக்கிழமை புறப்பட்ட பெட்டி அது. ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடந்துவிட்டு, புதன்கிழமை சென்னைக்கு வந்தது. டேப்பைக் கிழித்தால் செய்தித்தாள், அதற்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஈரப்பாசி, அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு தண்டு. தண்டில் ஒரு கணு, ஒரே ஓர் இலை. இலையில் பாதி பச்சை, பாதி வெள்ளை. வெள்ளைப் பாதி வேகவைத்த முட்டைகோஸ் மாதிரி துவண்டிருந்தது. விலை? எங்கள் குடியிருப்பின் இரண்டு மாதப் பராமரிப்புக் கட்டணம்.

வாட்ச்மேன் அண்ணன் எட்டிப் பார்த்தார். “இதுக்கா சார் இவ்ளோ பெரிய பொட்டி? ஊர்ல கேட்டா சும்மாவே ஒடிச்சுக் குடுப்பாங்களே!”

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி மாடி வரை கூடவே ஏறி வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டிக் கைமாறிக்கொண்டிருந்த கொடி, எப்போது பெட்டிக்குள் ஏறி, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு, மாநிலம் தாண்டியும் கடல் தாண்டியும் போக ஆரம்பித்தது?

வெள்ளைக்கு வைத்த விலை

பெட்டியில் வந்தது ‘மான்ஸ்டெரா ஆல்போ’. மான்ஸ்டெரா டெலிசியோசா என்ற கொடிக்குச் சொந்த ஊர் தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரை நீளும் மழைக்காடுகள். ஓட்டை விழுந்த பெரிய பச்சை இலைகளோடு மரம் ஏறும். பச்சை ரகம் நம்மூர் நர்சரிகளில் வரிசையாக நிற்கிறது. அதே கொடியில் வெள்ளை படிந்தால் கதை வேறு.

அந்த வெள்ளை ஒரு மரபுப் பிறழ்வு. கொடியின் வளர்நுனியில் இரண்டு வகைச் செல்கள் கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒரு வகை பச்சையம் தயாரிக்கும். இன்னொரு வகைக்கு அது வராது. தாவரவியலில் இதற்குப் பெயர் ‘கைமேரா’. கணுவில் இருக்கும் மொட்டு எந்தப் பக்கத்துச் செல்களிலிருந்து துளிர்க்கிறதோ, அடுத்த இலையின் நிறம் அதைப் பொறுத்தது. ஒரே கொடியின் பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. முழுப் பச்சைக்குத் திரும்பினால் போட்ட காசு போச்சு. முழு வெள்ளையானால் சமைக்க ஆளில்லாத வீடு மாதிரி செடியே போச்சு.

அதனால்தான் இந்தச் சந்தையில் பேரம் இலைக்கணக்கில் நடப்பதில்லை, கணுக்கணக்கில் நடக்கிறது. “எத்தனை நோட் இருக்கு? ரூட் ஆயிடுச்சா?” என்றுதான் விசாரணை தொடங்கும். தாய்ச்செடியை வெட்டித்தான் பிள்ளை எடுக்க முடியும். ஒரு தாய் வருடத்துக்குத் தருவது ஒரு சில கணுக்கள். வாங்கக் காத்திருப்பவர்களோ நூற்றுக்கணக்கில்.

இதன் உச்சத்தை நியூசிலாந்து பார்த்தது. 2020 ஆகஸ்டில், ‘ட்ரேட் மீ’ என்ற ஏலத் தளத்தில், வெள்ளை படிந்த ‘ராபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா’ ஒன்று நான்கு இலைகளோடு 8,150 நியூசிலாந்து டாலருக்குப் போனது. அடுத்த வருடம் ஜூனில் அதே இனத்தில் ஒன்பது இலைச் செடிக்கு 27,100 டாலர்; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 14 லட்சம் ரூபாய். தெற்கு தாய்லாந்திலும் மலேசியத் தீபகற்பத்திலும் மரத்தில் தொற்றி வளரும் கொடிக்கு ஏன் அங்கே இந்த விலை? நியூசிலாந்தின் தாவரப் பாதுகாப்பு விதிகள் உலகிலேயே கடுமையானவற்றில் சேர்ந்தவை. வெளியிலிருந்து செடி உள்ளே நுழைவது குதிரைக்கொம்பு. வேலி உயர்ந்தால், உள்ளே இருப்பதன் விலையும் உயரும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலேறியவை

செடியை உயிரோடு தொலைதூரம் அனுப்பும் வித்தைக்குத் தந்தை ஒரு லண்டன் டாக்டர். 1829இல் நதானியல் வார்டு என்பவர் ஒரு விட்டில் பூச்சிக் கூட்டை மண்ணோடு கண்ணாடிக் குப்பியில் வைத்து மூடினார். பூச்சியை எதிர்பார்த்த இடத்தில் ஒரு பெரணிச் செடி முளைத்தது. மூடிய கண்ணாடிக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வந்து செடியைக் காப்பாற்றும் என்று புரிந்துகொண்டவர், 1833இல் இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் உயிரோடு போய்ச் சேர்ந்தன.

பிறகு அந்தப் பெட்டிகள் அழகுச்செடிகளோடு நிற்கவில்லை. சீனத்துத் தேயிலைக் கன்றுகள் இமயமலை அடிவாரத்துக்கு வந்தன. பிரேசில் ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் இலங்கைக்கும் அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கும் கன்றுகளாக வந்தன. அந்தக் கன்றுகள் மலாயாவில் தோட்டங்களான பிறகு, பால் வடிக்கத் தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறின. செடி இடம் மாறினால் ஊரே இடம் மாறும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு.

2020இல் ஊரடங்கு வந்தது. வீட்டுக்குள் அடைபட்டவர்களின் கண்ணுக்குப் பச்சை தேவைப்பட்டது; கைப்பேசியில் நேரமும் இருந்தது. பழைய பித்து புதிய பெட்டியில் ஏறிக்கொண்டது.

■ தபால்காரர் பெற்ற பிள்ளை

கரும்பச்சை இலையில் வெள்ளை நரம்புகள் பளிச்சிடும் ‘அலகேசியா அமேசோனிகா’ பல வீட்டு வரவேற்பறைகளில் இருக்கிறது. பெயரைப் பார்த்து அமேசான் காட்டுச் செடி என்று நினைப்பவர்கள் அநேகம். அது காட்டிலேயே கிடையாது. 1950களில் அமெரிக்காவின் மயாமியில், தபால் துறையில் வேலை பார்த்த சால்வடோர் மாரோ என்பவர் இரண்டு ஆசியச் செடிகளைக் கலந்து உருவாக்கிய கலப்பினம். அவர் நடத்திய நர்சரியின் பெயர் அமேசான்!

நம்பிக்கை என்னும் நாணயம்

நம்மூர்ச் செடிச் சந்தையின் கடைவீதி வாட்ஸ்அப் குழுக்களும் இன்ஸ்டாகிராம் நேரலைகளும்தான். மொட்டைமாடியில் நிழல்வலை கட்டி, நூறு தொட்டியோடு தொழிலாகவே ஆக்கிக்கொண்ட இல்லத்தரசிகள் இருக்கிறார்கள். ஹோயா மட்டுமே வளர்ப்பவர்கள், ஆந்தூரியம் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காதவர்கள் என்று உள்ளுக்குள் தனித்தனி சாதிகள் வேறு.

காசு கைமாறாத வியாபாரமும் உண்டு. “உங்க பிலோடென்ட்ரான் ஒரு கட்டிங், என் ஹோயா ரெண்டு கட்டிங், ஸ்வாப் பண்ணலாமா?” இதில் எழுதாத சட்டங்கள் பல. குழுவுக்குப் புதியவர்தான் முதலில் அனுப்ப வேண்டும். வெயில் கொளுத்தும் மாதங்களில் திங்கள், செவ்வாயில் மட்டும்தான் பார்சல். வாரக்கடைசியில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் வெந்துவிடும். பெட்டியைப் பிரிக்கும்போது, டேப் கிழிப்பதிலிருந்து வெட்டாமல் எடுத்த வீடியோ கட்டாயம். இல்லையென்றால் செடி செத்து வந்தாலும் பணம் திரும்பாது. நல்ல விற்பனையாளர் கேட்காமலே இன்னொரு சின்னச் செடியைச் சேர்த்து வைப்பார். காய்கறிக்காரம்மா கொசுறாகப் போடும் கறிவேப்பிலையின் கூரியர் அவதாரம் அது.

பேக்கிங் ஒரு கைத்தொழில். வேரில் மண்ணைக் கழுவி, ஈரப்பாசியோ தென்னைநாரோ சுற்றி, மேலே பிளாஸ்டிக் கட்டி, இலைகளைக் காகிதத்தில் சுருட்டி, பெட்டிக்குள் ஆடாமல் டேப் போட வேண்டும். பாசியில் ஈரம் கூடினால் அழுகும், குறைந்தால் காயும். பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது என்பது பழகிய கைகளின் கணக்கு.

■ பெட்டி வந்ததும்…

• மற்ற செடிகளின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரண்டு வாரமாவது தனி இடம்.

• இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, வேர்: மூன்றையும் கைப்பேசி விளக்கடித்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. மெல்லிய வலை செஞ்சிலந்தி.

• வந்த அன்றே உரம் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். பயணக் களைப்பு செடிக்கும் உண்டு.

• கொளகொளவென்று அழுகிய வேரை வெட்டிவிட்டு, காற்றோட்டமான கலவையில் நடுங்கள்.

• உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரைவிட மழைநீர் நல்லது.

ரோஜா நிறப் பொய்கள்

விலை ஏறிய இடத்தில் வித்தைக்காரர்களும் வந்துவிடுவார்கள். ‘பிலோடென்ட்ரான் பிங்க் காங்கோ’ புகைப்படத்தில் இலை முழுக்க ரோஸ் நிறத்தில் மயக்கியது. வாங்கிய சில மாதங்களில் புது இலைகள் சாதாரணப் பச்சையாக வந்தன. அந்த ரோஸ், பிறவி நிறமே அல்ல. வேதிப்பொருள் மூலம் தற்காலிகமாக வரவழைத்தது. ‘பிங்க் பிரின்சஸ்’ என்ற உண்மையான ரோஸ் ரகம் வேறு. அதன் நிறம் மரபுப் பிறழ்வால் வருவது.

கணு இல்லாத தனி இலை இன்னொரு ஏமாற்று. தண்ணீரில் போட்டால் வேர்கூட விடும். மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். ஆனால் மொட்டு இல்லாததால் ஒருநாளும் துளிர்க்காது. முழு வெள்ளை இலையோடு ‘கோஸ்ட்’ என்று விற்கும் துண்டும் அப்படித்தான். அழகாக இருக்கும், பட்டினியில் சாகும். நீல மான்ஸ்டெரா, வானவில் ரோஜா என்று வரும் விதைப் பொட்டலங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்படிச் செடிகளே உலகில் இல்லை.

ஆய்வகம் திறந்தது, சந்தை சரிந்தது

மோசடிக்காரர்களைவிடப் பெரிய அடி கொடுத்தது திசு வளர்ப்பு. செடியின் சிறு துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கூழில் வைத்து ஆயிரமாகப் பெருக்கும் முறை அது. நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்காத வாழைக்காரர்கள் இன்று எத்தனை பேர்?

ஆல்போவின் கூட்டுக்குடித்தனம் குடுவைக்குள் பிரிந்துவிடும். அதை அப்படியே நகலெடுப்பது கடினம். ஆனால் ‘தாய் கான்ஸ்டெலேஷன்’ என்ற மான்ஸ்டெரா, தாய்லாந்து ஆய்வகத்தில் பிறந்த ரகம். இலையெங்கும் நட்சத்திரம் தெளித்த மாதிரி பால்மஞ்சள் புள்ளிகள். இந்த நிறம் அதன் செல்கள் அனைத்திலும் ஊறியது, நகலெடுத்தாலும் மாறாது. ஒரு காலத்தில் ஏலத்தில் மட்டும் பார்த்த செடி, ஆய்வகங்கள் பெருக்கத் தொடங்கிய பிறகு அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் தள்ளுவண்டியில் ஏறியது. பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாண்டோ மாநிலத்தில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணும் அளவில் காட்டில் மிஞ்சிய ‘பிலோடென்ட்ரான் ஸ்பிரிடஸ் சாங்டி’ சேகரிப்பாளர்களின் கனவுச் செடி. அதையும் திசு வளர்ப்பு தொட்டது, விலை இறங்கியது.

யாருக்கு நஷ்டம்? ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்று நம்பி, கணு கணுவாக விற்றுக் கடனை அடைக்கலாம் என்று வாங்கியவர்களுக்கு. ரியல் எஸ்டேட் பிளாட் போல நினைத்தார்கள். நிலம் குட்டி போடாது, செடி போடும் என்பதை மறந்துவிட்டார்கள். யாருக்கு லாபம்? இலையைப் பார்த்து ஆசைப்பட்டு, விலையைப் பார்த்துப் பேசாமல் இருந்தவர்களுக்கு. காட்டிலிருக்கும் தாய்ச்செடிக்கும்தான், குடுவையில் மலிவாகக் கிடைப்பதைப் பிடுங்க மலையேறுவதில் லாபமில்லை.

பொள்ளாச்சிக்கு வந்த விருந்தாளி

பால்கனியைத் தாண்டி நடப்பது இன்னும் பெரிய கதை.

2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. அதன் பூர்வீகம் மெக்சிகோ. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று மேய்ந்தது. மருந்தடித்து மாளவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கை எதிரியான, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத்தான் அடக்க முடிந்தது.

2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ. இதற்குப் பூர்வீகம் மத்திய அமெரிக்கா. ஓலையின் அடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சி, தேன் போன்ற கழிவைச் சொரியும். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே கரிபூசிக்கொண்டு நிற்கும். அயல்நாட்டு நாற்றுகளோடு வந்திருக்கலாம் என்பது பூச்சியியலாளர்களின் கணிப்பு. 2020இல் கேரளத்தில் நுழைந்த மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம் பக்கத்து மரவள்ளிக் காடுகளையும் பதம் பார்த்தது. 2022இல் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்த குளவியை அங்கே விட்டார்கள்.

இவற்றை ஹோயா வளர்ப்பவர்களோ ஆந்தூரியம் பிரியர்களோ கொண்டுவந்தார்கள் என்று கை நீட்டிவிட முடியாது. ஆனால் பாதை ஒன்றுதான்: செடி ஏறினால் பூச்சியும் டிக்கெட் இல்லாமல் ஏறும். உலகம் முழுக்க வீட்டுச் செடிகள் வேர்விட்டு நிற்கும் தென்னைநார்க் கழிவுக் கட்டிகளை ஏற்றுமதி செய்யும் ஊர்களில் பொள்ளாச்சியும் ஒன்று. இங்கிருந்து தொட்டிக்கு மெத்தை போகிறது. அங்கிருந்து தோப்புக்கு ஈ வருகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டியிருக்கக் கூடாது. சென்னை மீனம்பாக்கத்தில் இதற்கென்றே மண்டலத் தடுப்புக்காப்பு நிலையம் இருக்கிறது. ஆனால் ‘பொம்மை’, ‘துணி’ என்று பொய்ப்பெயர் எழுதி வரும் பொட்டலத்துக்குள் கணு இருப்பது யாருக்குத் தெரியும்? 2020 ஜூலையில் அமெரிக்கர்களுக்குத் தாங்கள் கேட்காத விதைகள் சீன முகவரியோடு தபாலில் வரத் தொடங்கியபோது, ‘நடாதீர்கள், ஒப்படையுங்கள்’ என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவிக்க வேண்டியிருந்தது. பொய் ஆர்டர் காட்டி விற்பனை மதிப்பீட்டை ஏற்றும் தந்திரம் என்று பிறகு விளக்கம் வந்தது. அச்சம் மட்டும் நியாயமானது.

பொதிகையில் காணாமல் போன பூ

எல்லாச் செடியும் ஆய்வகத்திலிருந்து வருவதில்லை. 2020இல் பிலிப்பைன்ஸில் செடிப்பித்து பிடித்தவர்களுக்கு ‘பிளான்ட்டிட்டோ’, ‘பிளான்ட்டிட்டா’ என்றே பெயர் விழுந்தது. செடி மாமா, செடி அத்தை என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே காடுகளில் திருட்டும் பெருகி, அரசு எச்சரிக்கை விட்டது.

நமக்கு உதாரணம் தேட அவ்வளவு தூரம் போக வேண்டாம். அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் ஓர் ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் இதழ், நடுவில் பழுப்புக் கோடு, செருப்பு போன்ற கிண்ணம். 1865இல் ஹீபர் ட்ரூரி என்ற ஆங்கிலேயர் கண்டெடுத்ததால் ‘பாஃபியோபெடிலம் ட்ரூரி’ என்று பெயர். சேகரிப்பாளர்கள் அள்ளியதில் காட்டிலிருந்தே ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கை 1975இல் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பூ இன்று அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. மேகாலயாவின் குடுவைச் செடியும் அதே பட்டியலில். அகத்தியர் மலையில் அரிதாகிப்போன பூ, எங்கெங்கோ கண்ணாடி வீடுகளில் பூக்கிறது.

■ அரிப்பு தெரியுமா?

மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான், அலகேசியா, மணி பிளான்ட் எல்லாம் நம் சேனைக்கும் சேம்புக்கும் பங்காளிகள். சேனை நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் இவற்றின் இலையிலும் தண்டிலும் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரியும், வீங்கும். தவழும் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் இந்தத் தொட்டிகளுக்கு இடம் உயரத்தில்தான்.

திருடினால்தான் வளருமாம்

இத்தனைக்கும் ஆதிச் செடி ஒன்று நம் வீடுகளில் பாட்டிலுக்குள் நிற்கிறது. மணி பிளான்ட். பசிபிக் கடலில் மூரேயா என்ற தீவு அதன் பூர்வீகம். இது வளர்ப்பில் தானாகப் பூத்ததாகக் கடைசிப் பதிவு 1964இல். பூப்பதற்கு வேண்டிய ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இதில் வேலை செய்வதில்லை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பூ இல்லை, விதை இல்லை. ஆகவே உலகத்து வீடுகளில் நிற்கும் மணி பிளான்ட் அத்தனையும் யாரோ ஒருவர் ஒடித்து, இன்னொருவருக்குக் கொடுத்தது. ஒரு வெள்ளைத்தாளும் கையெழுத்தும் இல்லாமல் நடந்த மாபெரும் பண்டமாற்று. அளவு மீறினால் இதுவும் ஆபத்துதான். கண்டியில் உடவத்தகலைக் காட்டின் தரையை இந்தக் கொடி போர்த்திக்கொண்டு, காட்டுக் கன்றுகளை முளைக்க விடாமல் அமுக்குகிறது.

வாட்ச்மேன் அண்ணனின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. நாம் இலைக்கு விலை கொடுப்பதில்லை. இன்னொருவரிடம் இல்லை என்பதற்குக் கொடுக்கிறோம். எல்லோரிடமும் வந்துவிட்ட நாளில் அந்த விலை ஆவியாகிவிடும். மிஞ்சுவது செடி. அதோடு வந்த பூச்சியும் மிஞ்சும், செடி வெளியேறிய காட்டில் விழுந்த பள்ளமும் மிஞ்சும்.

என் ஆல்போ என்ன ஆனது? வெள்ளைப் பாதி அழுகி விழுந்தது. நாற்பது நாள் கழித்துக் கணுவிலிருந்து ஒரு துளிர் வந்தது. சுருள் விரிந்தபோது பார்த்தால், முழுப் பச்சை. காசு போச்சு. செடி இருக்கிறது.

போன வாரம் வாட்ச்மேன் அறை ஜன்னலில், ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த மணி பிளான்ட்டைக் காட்டி, “அண்ணே, இதுல ஒரு துண்டு குடுங்களேன்” என்றேன்.

“அய்யய்யோ, கேட்டு வாங்கினா வளராது சார். நான் கேட் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க பாட்டுக்கு ஒடிச்சுக்குங்க.”

இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு எதுவும் இல்லை. கணுவுக்குக் கீழே ஒடித்தேன். அவர் இன்னும் கேட்டைப் பார்த்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வராத வண்டிக்காகக் காத்து நின்றார்.